ஏரி தெரியும் வீடு: வாங்கலாமா, வாடகைக்குப் போகலாமா?

கேள்வி: எனக்கு வயது 54, மனைவிக்கு 51. ஆறு வருடங்களாக விடுமுறைக்கு ஒரு மலையடிவார ஏரிப் பகுதிக்குப் போய்வருகிறோம். எங்கள் நகரத்து அடுக்ககத்தில் எதிர்வீட்டுக்காரர் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. அங்கே பார்ப்பவர்கள் எல்லாரும் நின்று பேசுகிறார்கள். ஏரியைப் பார்த்த 24 வீட்டுக் குடியிருப்பில் ஒரு வீடு விலைக்கு வந்திருக்கிறது. எங்கள் மொத்தச் சொத்து 130 பங்கு என்றால் நகரத்து வீடு 80, சேமிப்பு 50. ஏரி வீட்டின் விலை 100. வேலையை விட்டுவிட்டு, நகரத்து வீட்டை விற்று, கடனே இல்லாமல் இதை வாங்கிவிடலாம் என்பது எண்ணம். வருடச் செலவு 4 பங்கு ஆகும். ஓய்வூதியம் 60 வயதில்தான் தொடங்கும். இடையில் கை கடித்தால் ஓர் அறையைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விடலாம். சரியாக வருமா?

பதில்: பங்கு பங்காகக் கணக்கெழுதி அனுப்பியதற்கு நன்றி. அதனால் உடனே கூட்டிக் கழிக்க முடிந்தது. 130-இல் 100 போனால் 30. ஒரு வீட்டை விற்று இன்னொன்றை வாங்கும்போது தரகு, பதிவு, வரி, வக்கீல், சாமான் ஏற்றி இறக்குவது என்று 8 போகும் என்று வையுங்கள். தண்ணீர் ஓரத்து வீட்டில் ஈரம் சுவரைச் சும்மா விடாது, பழுதுபார்ப்புக்கு 7. மிச்சம் 15. வருடம் 4 செலவானால் அது மூன்றே முக்கால் வருடம்தான் வரும். ஓய்வூதியத்துக்கு இன்னும் இரண்டேகால் வருடம் இருக்கும்போது பணம் தீர்ந்துவிடும். பள்ளம் 9 பங்கு.

கடன் இல்லை என்பதைக் கொஞ்சம் பெருமையாகவே எழுதியிருக்கிறீர்கள். நியாயம்தான். ஆனால் கடன் இல்லாமல் இருப்பது வேறு, கையில் பணம் இருப்பது வேறு. சுவருக்குள் போன பணத்தை ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பெயர்த்து எடுக்க முடியாது.

அந்தப் பள்ளத்தை அறை வாடகை நிரப்புமா? சீசன் சில மாதங்கள், செலவு பன்னிரண்டு மாதங்கள். குடியிருப்பின் விதிகள் நாள் வாடகையை அனுமதிக்கின்றனவா என்பதையும் நீங்கள் எழுதவில்லை. அனுமதித்தாலும் எனக்கு இதில் ஒரு நெருடல் இருக்கிறது. ஆஸ்திரியாவில் ஹால்ஷ்டாட் என்ற ஏரிக்கரை ஊரில் ஆயிரம் பேர்கூடக் குடியில்லை. உச்ச நாட்களில் பல ஆயிரம் பயணிகள் வந்து இறங்க, 2023-இல் ஊர்க்காரர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். பெட்டி உருட்டும் சத்தத்தோடு வாரம் ஒரு புது ஆளைக் கொண்டுவரும் வீட்டுக்காரரிடம் யாரும் நின்று பேச மாட்டார்கள். எந்த உறவுக்காக அங்கே போகிறீர்களோ, அதையே வாடகைக்கு விடுவதாகிவிடும்.

இனி, உங்கள் கடிதத்தில் ஒரே வார்த்தையில் கடந்துபோன விஷயம்: 24 வீட்டுக் குடியிருப்பு. நான் அதிக நேரம் யோசித்தது அதைப் பற்றித்தான்.

கூரை, படிக்கட்டு, தண்ணீர்த் தொட்டி, கரையைத் தாங்கும் சுவர் எல்லாம் பொதுச்சொத்து. இவற்றில் எதற்கு எப்போது செலவழிப்பது என்று 24 குடும்பங்கள் கூடி முடிவெடுக்க வேண்டும். நல்ல மனிதர்கள், சரி. கூட்டத்தில் கையைத் தூக்குவார்களா? அமெரிக்காவில் ஃபுளோரிடா கடற்கரையில் சர்ஃப்சைட் என்ற ஊரில் 136 வீடுகள் கொண்ட 12 மாடிக் கட்டடம் ஒன்று இருந்தது. 1981-இல் கட்டியது, கடல் தெரியும் வீடுகள். நீச்சல்குளத் தளத்தில் நீர்க்கசிவுத் தடுப்பு கெட்டு, அடியில் கான்கிரீட் பெரிதாகச் சேதமாகியிருக்கிறது என்று 2018-இலேயே பொறியாளர் எழுதிக் கொடுத்தார். செலவைப் பற்றிய பேச்சு நீண்டுகொண்டே போனது. வீட்டுக்காரர்களிடம் ஒன்றரைக் கோடி டாலர் வசூலிக்க அவர்களுடைய சங்கம் ஒப்புதல் கொடுத்தபோது 2021 ஏப்ரல் ஆகிவிட்டது. ஜூன் 24 அதிகாலையில் கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்து 98 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு அந்த மாநிலம், சங்கங்கள் பழுதுநிதியைச் சேர்த்தே ஆகவேண்டும் என்று சட்டத்தை இறுக்கியது. பல பழைய கட்டடங்களில், வருடக்கணக்காகக் கட்டாமல் விட்ட தொகை ஒரே மொத்தமாக வீட்டுக்காரர்கள் தலையில் விழுந்தது.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. உங்கள் கட்டடம் உறுதியாகவே இருக்கலாம். ஆனால் பக்கத்து வீட்டுக்காரரின் கைச்சுருக்கம் உங்கள் கடனாக மாறும் வழி இதுதான். ஆகவே விற்பவரிடம் ஏரியைப் பற்றிக் கேட்காதீர்கள், அது தெரிகிறது. சங்கத்தின் கடைசி ஐந்து வருடக் கூட்டக் குறிப்புகளையும் பழுதுநிதிக் கணக்கையும் கேளுங்கள். எத்தனை வீடுகள் சந்தா பாக்கி? எத்தனை வீடுகளில் வருடம் முழுக்க ஆள் இருக்கிறார்கள்? குறிப்புகளில் ஒரே பழுது மூன்று வருடமாக ‘அடுத்த கூட்டத்தில் பேசலாம்’ என்று இருந்தால் எனக்கு அதுவே போதும். நான் வாங்க மாட்டேன். (நானும் ஒருமுறை ஆற்றோர மனை ஒன்றுக்கு முன்பணம் கொடுத்திருக்கிறேன். மழைக்காலத்தில் போய்ப் பார்த்தபோது மனை இருந்தது, போகும் பாதையைக் காணோம். அந்தப் பாதை யார் பொறுப்பு என்று அதுவரை நான் கேட்டதே இல்லை.)

காப்பீட்டையும் முன்பணத்துக்கு முன்பே விசாரியுங்கள். காட்டுத்தீ, வெள்ளம், மண்சரிவு எல்லாம் அழகான இடங்களைத் தேடித்தான் வருகின்றன. கலிபோர்னியாவில் ஸ்டேட் ஃபார்ம் நிறுவனம் 2023 மே மாதம் புதிய வீட்டுக் காப்பீட்டு விண்ணப்பங்களை வாங்குவதை நிறுத்தியது. காப்பீடு இல்லாத வீட்டுக்குப் பல இடங்களில் வங்கி கடன் தராது. கடன் கிடைக்காத வீட்டை, நாளை நீங்கள் விற்கப்போனால், முழுப்பணமும் கையில் வைத்திருப்பவர் மட்டுமே வாங்க முடியும். அவர் பேரம் பேசும் விதமே தனியாக இருக்கும்.

நகரத்து வீட்டையும் வைத்துக்கொண்டு, கடன் வாங்கி ஏரி வீட்டையும் வாங்கினால் என்ன என்று உங்கள் மனைவி கேட்கலாம். வேண்டாம். இரண்டாம் வீடுகளை அழகான ஊர்கள் இப்போது முறைத்துத்தான் பார்க்கின்றன. இரண்டாம் வீடுகள் 20 சதவீதத்தைத் தாண்டிய ஊர்களில் புதிதாக அப்படிக் கட்டக்கூடாது என்று சுவிட்சர்லாந்து மக்கள் 2012-இல் வாக்களித்தார்கள். வேல்ஸில் 2023 ஏப்ரல் முதல் உள்ளாட்சிகள் இரண்டாம் வீட்டுக்கு 300 சதவீதம் வரை கூடுதல் வரி போடலாம்.

என் யோசனை: இப்போது எதையும் விற்காதீர்கள். நகரத்து வீட்டை வாடகைக்கு விட்டு, அதே ஏரிப் பகுதியில் வாடகைக்குப் போங்கள். இரண்டு இடத்திலும் வருட வாடகை விலையில் 3 சதவீதம் என்று வைத்தால் வரவு 2.4, செலவு 3. நகரத்து வீட்டின் பராமரிப்பு, வரிக்கு 0.4. ஆக வருடம் 1 பங்கு கூடுதல், மொத்தச் செலவு 5. ஆறு வருடத்தில் 30. சேமிப்பில் 20 மிஞ்சும், 80 பங்கு வீடும் அப்படியே இருக்கும். வட்டியையும் விலைவாசியையும் இரண்டு கணக்கிலுமே சேர்க்கவில்லை. உங்கள் இடத்து எண்களைப் போட்டுப் பாருங்கள். அதற்குள் ஏரி வீடு விலை ஏறிவிட்டால்? ஏறலாம். திரும்பி வரும் கதவு திறந்திருப்பதற்கான கட்டணம் அது.

குடிபோவதானால் சீசன் முடிந்த மறுவாரம் போங்கள். ஆறு வருடமாக நீங்கள் பார்த்தது விடுமுறை முகம். அவர்களும் உங்களை விடுமுறை முகத்தோடுதான் பார்த்திருக்கிறார்கள். கடைகள் பாதி மூடி, நான்கு மணிக்கே இருட்டும் மாதத்தில் யார் வந்து கதவைத் தட்டுகிறார்கள் என்று பாருங்கள். நடுராத்திரி நெஞ்சு வலித்தால் ஆஸ்பத்திரி எத்தனை நிமிடம் என்பதைப் பகலில் வரைபடத்தில் பார்க்காமல், ராத்திரியில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பொதுப்பாதை பற்றிய கூட்டம் என்றால் பின்வரிசையில் போய் உட்காருங்கள்.

ஒரு வருடம் கழித்தும் மனம் அங்கேயே இருந்தால் வாங்குங்கள், ஆனால் இந்த வீட்டைத்தான் என்றில்லை. ஏரியிலிருந்து ஐந்து நிமிட நடையில், ஜன்னலில் ஏரி தெரியாத வீடுகளும் இருக்கும். அதே மனிதர்கள், அதே காற்று. விலையில் காட்சிக்கான பங்கு மட்டும் குறையும். ஏரியைப் பார்க்கவேண்டுமானால் செருப்பை மாட்டிக்கொண்டு போகலாம், வழியில் நாலு பேரிடம் நின்று பேசவும் செய்யலாம்.

முன்பணம் கொடுத்துவிட்டீர்களா என்பதை நீங்கள் எழுதவில்லை. கொடுத்திருந்தால், பணத்தைத் திரும்பப் பெற்று விலகிக்கொள்ள ஒப்பந்தத்தில் எந்தத் தேதி வரை இடம் இருக்கிறது என்று இன்றைக்கே எடுத்துப் படியுங்கள்.