வெளிச்சவ்வில் இத்தனை துளைகள் இருந்தும் மருந்து ஏன் உள்ளே போவதில்லை?

உள்சவ்வுக்கு வெளியே இன்னொரு சவ்வும் கொண்ட கிராம் நெகட்டிவ் பாக்டீரியாவின் வெளிச்சவ்வு முழுக்க, ‘போரின்’ என்ற புரதத்தாலான துளைகள் இருக்கும்போது ஆன்டிபயாடிக் ஏன் தடுமாறுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பாடப்புத்தகப் படங்களைப் பார்த்தால் இந்தச் சந்தேகம் வரத்தான் செய்யும். சல்லடையில் ஓட்டை போட்டது மாதிரி வரைந்து வைத்திருப்பார்கள்; எனக்கு அந்தப் படங்கள் பிடிப்பதே இல்லை.

ஈ. கோலை என்ற குடல் பாக்டீரியாவின் ஓம்ப்-எஃப் என்ற போரினை எடுத்துக்கொள்ளுங்கள். பீட்டா இழைகள் எனப்படும் 16 நீண்ட புரதப் பட்டைகள் சுற்றி வளைந்து ஒரு குழாய். அப்படி மூன்று குழாய்கள் சேர்ந்தது ஒரு தொகுதி. செயற்கைச் சவ்வில் ஒரே ஒரு தொகுதியைப் பதித்து மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போனால், மின்னோட்டம் சட்டென்று மூன்று படிகளாக இறங்கும். ஒவ்வொரு குழாயாக மூடுவதைத் திரையில் அப்படியே பார்க்கலாம்.

குழாயின் வாய் தாராளமாகத்தான் இருக்கிறது. ஆனால் புரதத்தின் மூன்றாவது வளையம் உள்பக்கமாக மடிந்து, நடுவில் வழியை ஏறக்குறைய 0.7-க்கு 1.1 நானோமீட்டராகக் குறுக்கிவிடுகிறது. அந்த இடுக்கில் ஒரு பக்கம் எதிர்மின் சுமை கொண்ட அமினோ அமிலங்கள், எதிர்ப்பக்கம் நேர்மின் சுமை கொண்ட ஆர்ஜினின்கள். அதனால் அளவு சரியாக இருந்தால் மட்டும் போதாது. மூலக்கூறு தன் சுமைகளைப் பொருத்தமாகத் திருப்பிக்கொண்டு நுழைய வேண்டும். சுமார் 350 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) எடையுள்ள ஆம்பிசிலின் என்ற ஆன்டிபயாடிக்கில் இரண்டு வகைச் சுமையும் உண்டு, நன்றாகவே போய்விடும். பொதுவாக 600 டால்டனைத் தாண்டினால் கஷ்டம்தான். 1,450 டால்டன் எடையுள்ள வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு வாய்ப்பே இல்லை.

அப்புறம், பாக்டீரியா இந்த வழியை மாற்றவும் செய்யும். க்ளெப்சியெல்லா என்ற பாக்டீரியாவின் சில வகைகளில் ஒரு போரின் அடியோடு இல்லை. மிச்சமிருக்கும் இன்னொன்றின் அதே மூன்றாவது வளையத்தில் இரண்டே அமினோ அமிலங்கள் கூடுதலாகச் செருகப்பட்டிருக்கும். இடுக்கு இன்னும் குறுகிவிடும், கார்பபெனெம் வகை ஆன்டிபயாடிக் தட்டுத்தடுமாறித்தான் வரும். சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா இன்னும் மோசம்: கார்பபெனெம் வகையைச் சேர்ந்த இமிபெனெம் முக்கியமாக நுழைவது ஓப்ர்-டி என்ற வழியில். அதை இழந்தாலே அந்த மருந்து பெரும்பாலும் எடுபடாது.

ஆனால் க்ளெப்சியெல்லாவில் துளை குறைவது மட்டுமே பெரிய எதிர்ப்பைத் தந்துவிடாது. உள்ளே பீட்டா-லாக்டமேஸ் நொதியும் இருந்தால்தான் சிக்கல். மருந்து சொட்டுச் சொட்டாக வருவதால், வருவதையெல்லாம் அந்த நொதி உடைத்துத் தீர்த்துவிடுகிறது.