கண்ணும் காதும் மங்கிய பெரியவர்கள் தனியாக வெளியே போக ஏன் தயங்குகிறார்கள்?

பார்வையும் கேட்கும் திறனும் சேர்ந்து குறைவதை இரட்டைப் புலன் குறைபாடு என்பார்கள். காது மந்தமானவர் உதட்டசைவைப் பார்த்துப் பாதியைப் புரிந்துகொள்வார். கண் மங்கியவர் ஹாரன் சத்தத்தை வைத்துச் சாலையைக் கடப்பார். இரண்டும் குறைந்தால் ஒன்றுக்கொன்று கைகொடுக்க முடியாது. மாத்திரை அட்டையையும் படிக்க முடியாது, கடைக்காரர் சொல்வதும் விளங்காது.

உள்காதில் ஒலியை வாங்கும் மயிர்ச்செல்கள் அழிந்தால் திரும்ப முளைப்பதில்லை. பெரும்பாலும் கீச்சொலியை வாங்கும் செல்கள்தான் முதலில் போகும். அதனால் 'காசு', 'காது' இரண்டும் ஒன்றுபோலக் கேட்கலாம். ஸ்டேஷன் சரியாகப் பிடிக்காத ரேடியோ மாதிரி: சத்தம் வரும், சொல் பிடிபடாது. கண் மங்கக் காரணம் கண்புரை என்றால் அறுவை சிகிச்சை இருக்கிறது, தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம், கத்தினால் கேட்கும் என்பது தவறு. வெளிச்சத்தில் முகம் பார்த்து நிதானமாகப் பேசினால்தான் விளங்கும்.