வெறுங்கைப் புதையல்

(கல்லும் மண்ணும் குறித்த வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற நிலவியல் ஆசிரியர் ஒருவரின் பதில்கள்)

கேள்வி: ஜிபிஎஸ் வைத்துப் புதையல் தேடும் ‘ஜியோகேச்சிங்’ விளையாட்டில் நாங்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறோம். அதில் நிலவியல் சார்ந்த ‘எர்த்கேச்’ வகைக்காக ஒரு ஞாயிறு மாலை கடற்கரையில் கூடலாம் என்று திட்டம். ஆனால் இதில் எதையும் ஒளித்து வைப்பதே இல்லையாம். பிறகு எதைத் தேடுவது?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: பதிலைத்தான் தேட வேண்டும் அம்மா. ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்திருந்த பிழையை 2000 மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்கா நீக்கியது. உடனே ஓரிகன் மாநிலத்தில் ஒருவர் ஒரு வாளியை ஒளித்துவைத்து, ‘இந்த இடத்தில் இருக்கிறது, கண்டுபிடியுங்கள்’ என்றார். ஜியோகேச்சிங் அப்படிப் பிறந்தது. 2004-ல் வந்த எர்த்கேச்சில் வாளியும் இல்லை, டப்பாவும் இல்லை. இடத்துக்குப் போய், பார்த்து, அளந்து, கேட்டிருக்கும் கேள்விகளுக்குப் பதில் எழுதி அனுப்பினால்தான் கணக்கில் சேரும்.

சென்ற புரட்டாசியில் என் பழைய மாணவர்கள் ஆறு பேருடன் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிப் பக்கம் இப்படித்தான் கூடினேன். ஒரு பாய், இரண்டு குடை, ஒரு தூக்குச்சட்டி நிறைய சுக்குக்காப்பி. நான் கேட்டது ஒரே கேள்வி: அலை ஏறி நிற்கும் இடத்தில் மணல் ஏன் கறுத்திருக்கிறது? ஒருவர் கப்பல் எண்ணெய் என்றார், இன்னொருவர் சாம்பல் என்றார். உள்ளங்கையால் ஒரு சாண் தோண்டச் சொன்னேன். கறுப்பு, சிவப்பு, வெளுப்பு என்று மணல் அடுக்கடுக்காக இருந்தது. அதற்கப்புறம் காப்பி ஆறுவதை யாரும் கவனிக்கவில்லை.

அரிசி அரிக்கும்போது கல் அடியில் தங்குகிறதல்லவா, அலை செய்வதும் அதுதான். தண்ணீரின் அடர்த்தியை 1 என்று வைத்தால், வெள்ளை மணலான குவார்ட்ஸின் அடர்த்தி 2.65. சிவப்புக் கார்னெட் 4-ஐ ஒட்டி வரும். கறுப்பு இலுமனைட் 4.7. திரும்பும் அலை லேசானதை இழுத்துக்கொண்டு கனத்ததை விட்டுவிடுகிறது. மலைப்பாறைகள் சிதைந்து, வள்ளியாறு போன்ற ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த சரக்கு இது. அந்தப் பாறைகள் பூமிக்கடியில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறி 50 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. உங்கள் கால்விரல் இடுக்கில் ஒட்டும் கார்னெட்டுக்கும் ஏறக்குறைய அந்த வயதுதான்.

பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்றைக் கொண்டுபோங்கள். அதைப் பிளாஸ்டிக் பையில் சுற்றித்தான் மணலில் வைக்க வேண்டும். நான் சுற்றாமல் வைத்துவிட்டு, இரவு பத்து மணி வரை பல்துலக்கும் பிரஷ்ஷால் கருமணலைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். போதாக்குறைக்கு காந்தத்தைக் கொண்டுபோன தோள்பையிலேயே செல்போனையும் போட்டிருந்தேன். திசைகாட்டி கடலைக் கிழக்கு என்றது. மேற்குக் கடற்கரையில்!

தென்மேற்குப் பருவக்காற்று ஓய்ந்த கையோடு போனால் கறுப்பு அடுக்கு நன்றாகத் தெரியும். முட்டத்துக்குப் போவதானால் செம்மண் மேட்டைப் பாருங்கள். அலையடிக்கும் பாறை மேல் படம் எடுக்க ஏறாதீர்கள். ஆளை இழுத்துக்கொள்ளும்.

கேள்வி: ஞாபகத்துக்கு ஒரு பாட்டில் கருமணல் எடுத்துவரலாமா?
– வாசகர், குளச்சல்

பதில்: வேண்டாம். மாதிரி எடுக்கச் சொல்லக் கூடாது என்பது எர்த்கேச் விதி. விளையாட்டை விடுங்கள், தாது மணல் அள்ளத் தமிழக அரசு 2013-ல் தடை போட்டது. உங்கள் பாட்டிலைத் தேடி யாரும் வரப்போவதில்லை என்பீர்கள். உண்மைதான், இருந்தாலும் வேண்டாம்.

ஒட்டிக்கொண்டு வருவதற்கு நாம் பொறுப்பில்லை. 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில்தான் மோனசைட் என்ற தாதுவைக் கண்டார். அதிலுள்ள தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் அப்போது விளக்கு மேண்டிலுக்கு, அதாவது சுடரில் வெள்ளையாக ஒளிரும் வலைக்கு, தேவைப்பட்டது. கல்யாண வீடுகளில் பெட்ரோமாக்ஸ் எரிந்த காலத்தவர்களுக்கு மேண்டில் என்றால் விளக்க வேண்டியதில்லை. ஆகவே, வீட்டுக்கு வந்ததும் பாயை உதறும் முன் ஒரு வெள்ளைக் காகிதம் விரியுங்கள்.

கேள்வி: அந்த மணலில் கதிரியக்கம் உண்டாமே? குழந்தைகளை அழைத்துப் போகலாமா?
– வாசகி, மார்த்தாண்டம்

பதில்: உண்டு, மோனசைட்டால். ஆனால் ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்து வர அஞ்ச வேண்டியதில்லை. இதே வகை மணல் உள்ள கேரளத்தின் கருநாகப்பள்ளியில், தலைமுறைகளாக வாழ்வோரிடம் நடந்த ஆய்வில் புற்றுநோய் கூடுதலாகக் காணப்படவில்லை. குழந்தைகளுக்குத் தொப்பி போடுங்கள். அங்கே வெயில்தான் கொடுமை.

கேள்வி: சென்னைவாசிகள் என்ன பாவம் செய்தோம்? இங்கே கடற்கரையை விட்டால் கல்லுக்கு எங்கே போவது?
– வாசகர், குரோம்பேட்டை

பதில்: ஐந்து ஸ்டேஷன் தள்ளிப் பரங்கிமலைக்குப் போங்கள். அங்குள்ள கருநீலச் சாயல் பாறைக்கு ‘சார்னோகைட்’ என்று பெயர். கொல்கத்தாவில் இருக்கும் ஜோப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரரின் கல்லறைக் கல் உங்கள் பக்கத்துப் பாறைதான். அதைப் பார்த்து 1893-ல் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் வைத்த பெயர் அது. பல்லாவரத்துக்காரர்கள் கேட்டிருந்தால் ‘பல்லாவரைட்’ என்று வைத்திருப்பார்கள், யாரும் கேட்கவில்லை.