படகு எஞ்சினில் கரண்ட் கோளாறா? கேளுங்கள், சொல்கிறேன்

26 வருஷமாக விசைப்படகுகளுக்கும் பைபர் படகுகளுக்கும் வயரிங் பார்க்கிறேன். இந்த வாரம் வந்த கேள்விகளும் என் பதில்களும் இங்கே.

நாகப்பட்டினம்: அண்ணே, பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்குகடலுக்குப் போன முதல் நாளே எஞ்சின் மறுபடி ஸ்டார்ட் ஆகவில்லை. எஞ்சினைச் சுற்றிவிட்டு ஸ்டார்ட் செய்யும் செல்ப் மோட்டாரில் 'டிக்' சத்தம் மட்டும்தான். பக்கத்துப் படகு கட்டி இழுத்து வந்தது. டீசல், ஐஸ் எல்லாம் நஷ்டம். செல்ப் மோட்டாரையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

அளந்து பார்க்காமல் மாற்றாதீர்கள் தம்பி. உங்களுடையது 24 வோல்ட் என்றால், முழு சார்ஜில் சும்மா இருக்கும்போது 25.2க்கு மேல் காட்ட வேண்டும். செல்ப் அடிக்கும்போது 19க்குக் கீழே விழுந்தால் முதலில் பேட்டரியைச் சந்தேகப்படுங்கள். விழவில்லையா? மீட்டரின் சிவப்பு முனையை பேட்டரியின் பிளஸ் கம்பத்திலும் கறுப்பு முனையை செல்ப் மோட்டாரின் பிளஸ் போல்ட்டிலும் வைத்துக்கொண்டு ஒருவரைச் செல்ப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், மோட்டாருக்குப் போக வேண்டிய கரண்டை வழியில் உள்ள கேபிளும் இணைப்புகளும் தின்கின்றன. இதே சோதனையை எர்த் பக்கமும், பேட்டரி மைனஸிலிருந்து எஞ்சின் பிளாக் வரை செய்யுங்கள். பலரும் எர்த்தைப் பார்ப்பதே இல்லை.

நானும் ஒருமுறை அவசரப்பட்டு ஒரு படகில் செல்ப் மோட்டாரை மாற்றிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் அதே 'டிக்'. எர்த் கேபிளின் முனையில் இருக்கும் உலோகக் கொண்டியை, அதாவது லக்கைக் கழற்றினால் பச்சைக் களிம்பு. மேல் ரப்பர் புதுசு போல இருந்தது, உள்ளே ஒரு சாண் நீளத்துக்குச் செம்புக் கம்பி கறுத்துப்போயிருந்தது. அந்தக் குடும்பத்துக்கு வீண் செலவு வைத்தது இன்னும் மனசில் இருக்கிறது. கறுத்த கம்பியில் புது லக் அடித்துப் பயனில்லை. பளபளப்பான செம்பு வரும்வரை வெட்டுங்கள், இல்லாவிட்டால் கேபிளையே மாற்றுங்கள். ஈயம் பூசிய செம்புக் கம்பி கிடைத்தால் அதையே வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஆனால் உப்பைத் தாங்கும்.

தூத்துக்குடி: ஸ்டார்ட் பண்ணும்போதெல்லாம் ஜிபிஎஸ் அணைந்து அணைந்து வருகிறது. இரண்டு பேட்டரியில் ஒன்று மட்டும் சீக்கிரம் செத்துவிடுகிறது. ஏன் அண்ணாச்சி?

இரண்டும் ஒரே நோய்தான். இரண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடராகக் கட்டித்தான் எஞ்சினுக்கு 24 வோல்ட். ஜிபிஎஸ், வயர்லெஸ், ஆழம் பார்க்கும் எக்கோ சவுண்டர் எல்லாவற்றுக்கும் 12 வோல்ட்டை அதில் ஒரே பேட்டரியிலிருந்து எடுத்திருப்பீர்கள். அந்தப் பேட்டரி தினமும் கூடுதலாக இறங்கும். டைனமோ இரண்டுக்கும் சேர்த்துத்தான் சார்ஜ் ஏற்றுகிறது. அதனால் ஒன்று எப்போதும் அரைவயிறு, மற்றதுக்கு ஓவர் சார்ஜ், தண்ணீர் வற்றும். 24இலிருந்து 12 ஆக மாற்றித் தரும் கன்வெர்ட்டர் போடுங்கள். இன்னும் நல்லது, கருவிகளுக்கென்று தனி 12 வோல்ட் பேட்டரியும் அதற்கேற்ற சார்ஜரும். எஞ்சின் பேட்டரி செத்தாலும் வயர்லெஸ் பேசும்.

ராமேஸ்வரம்: நடுக்கடலில் கரண்ட் முழுக்கப் போய்விட்டால் முதலில் என்ன செய்வது?

நங்கூரம் போடுங்கள். ஸ்பேனரை அப்புறம் எடுக்கலாம். பாக் நீரிணையில் நீரோட்டம் எல்லைக்கோட்டுப் பக்கம் இழுத்துவிட்டால், கோளாறு என்று சொல்லி யாரை நம்ப வைப்பது? ஆழம் குறைவான கடல் என்பதால் அங்கே நங்கூரம் பிடிக்கும். அடுத்து, தனி பேட்டரியில் வயர்லெஸ் ஓடினால் 16ஆம் சேனலில் இருப்பிடத்தைச் சொல்லுங்கள். செல்போன் சிக்னல் இருந்தால் கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழும போலீஸ் 1093. அதற்குப் பிறகு நிதானமாகப் பியூஸ், பேட்டரி கிளாம்ப், எர்த் என்று தேடுங்கள்.

மண்டபம்: பைபர் படகு, பின்பக்கம் வெளியே மாட்டும் பெட்ரோல் அவுட்போர்டு எஞ்சின். அலையில் ஒரு குலுக்கல், எஞ்சின் நின்றது. பிறகு ஸ்பார்க்கே இல்லை.

கையில் மாட்டும் சுருள் கயிற்றின் கிளிப், எஞ்சினை நிறுத்தும் சுவிட்சிலிருந்து கழன்றிருக்கும், அதைப் பாருங்கள். இருந்தும் வரவில்லை என்றால் அந்தச் சுவிட்சுக்குள் உப்பு ஏறியிருக்கலாம். உபரிக் கிளிப் ஒன்று படகிலேயே இருக்கட்டும்.

குளச்சல்: மலிவாக எல்இடி பல்பு மாட்டியதிலிருந்து வயர்லெஸில் ஒரே இரைச்சல். பல்பா காரணம்?

பல்பாகத்தான் இருக்கும். எல்லாவற்றையும் அணையுங்கள், இரைச்சல் நின்றால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். இரைச்சல் தருவதைக் கழற்றிவிடுங்கள். ஆபத்தில் கூப்பிடும் குரல் அமுங்கிப்போகும், சின்ன விஷயமாக விடாதீர்கள்.

நாகப்பட்டினம், ஒரு சகோதரி: பேட்டரியில் தண்ணீர் குறைந்தால் அவசரத்துக்குக் கடல்தண்ணீர் ஊற்றுவதாக என் வீட்டுக்காரர் சொல்கிறார். சரியா அண்ணா?

வேண்டவே வேண்டாம் தங்கச்சி. பேட்டரி ஆசிட்டில் உப்புத்தண்ணீர் பட்டால் குளோரின் வாயு வரும். மூடிய எஞ்சின் அறையில் அது உயிருக்கே ஆபத்து. ஒரு கேன் டிஸ்டில்டு வாட்டரைச் சாப்பாட்டுச் சாமானோடு சேர்த்தே ஏற்றி அனுப்புங்கள்.

தூத்துக்குடி: தடைக்காலத்தில் பேட்டரியை என்ன செய்வது?

ஏப்ரல் 15இலிருந்து 61 நாள் சும்மா கிடந்தால் கெட்டுப்போகும். மைனஸை முதலில் கழற்றி, பேட்டரியை வீட்டுக்குக் கொண்டுபோய் மாதம் ஒருமுறை முழு சார்ஜ் ஏற்றுங்கள். ஜூனில் திரும்ப மாட்டும்போது கம்பங்களை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கிளாம்பை இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். அப்புறம் எஞ்சினை ஓட்டி மீட்டரை வையுங்கள். 24 வோல்ட் படகில் 27.6க்கும் 28.8க்கும் இடையில் காட்டினால் டைனமோ சரியாக ஏற்றுகிறது. காட்டாவிட்டால் பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு என்னிடம் வாருங்கள்.