இம்ப்ரிமாத்தூர் – ஒரு கடிதம்

வணக்கம் ஐயா,

பாட்டியின் பழைய ஜெபப் புத்தகத்தில் மேற்றிராணியார் (ஆயர்) பெயருக்கு மேலே ‘இம்ப்ரிமாத்தூர்’ என்று அச்சிட்டிருக்கிறது. இது எந்த மொழி, என்ன பொருள்? தமிழில் இதற்கு நல்ல சொல் உண்டா? என் முதல் கவிதைத் தொகுப்பு வரப்போகிறது. அதற்கு உங்களிடமிருந்து அப்படியொரு இம்ப்ரிமாத்தூர், அதாவது அணிந்துரை, கிடைத்தால் மகிழ்வேன். மூன்று கவிதைகளை இணைத்திருக்கிறேன்.

ரோஸ்லின்

அன்புள்ள ரோஸ்லின்,

லத்தீன். ‘அச்சிடப்படட்டும்’ என்று பொருள். முதலில் திருச்சபையின் தணிக்கையாளர் படித்துவிட்டு ‘நிஹில் ஒப்ஸ்தாத்’, அதாவது தடையேதும் இல்லை என்பார். அதற்குப் பிறகு ஆயர் இதைப் போடுவார். பின்னாளில் ஆங்கிலத்தில் எந்தப் பெரிய இடத்து ஒப்புதலுக்கும் இதைச் சொல்ல ஆரம்பித்தார்கள். தமிழ்ச் சொல்லுக்கு இப்போது என்ன அவசரம்? விடுங்கள்.

உங்கள் கடைசி வேண்டுகோளுக்கு வருகிறேன். இந்த அணிந்துரைப் பசியைப் பற்றி எழுத வேண்டும் என்று கொஞ்ச காலமாகவே நினைத்திருந்தேன். அம்மா, இம்ப்ரிமாத்தூர் பாராட்டு இல்லை. புத்தகம் நன்றாக இருக்கிறது என்று ஆயர் சொல்லவில்லை. விசுவாசத்துக்கு விரோதமாக ஒன்றுமில்லை என்கிறார், அவ்வளவுதான்.

1687இல் வந்த நியூட்டனின் இயற்பியல் நூலான ‘பிரின்சிபியா’வின் முகப்பைப் பாருங்கள். ‘இம்ப்ரிமாத்தூர், எஸ். பெப்பிஸ்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். 1686இல் அந்த அனுமதியைக் கொடுத்தபோது லண்டன் அறிவியல் சங்கமான ராயல் சொசைட்டியின் தலைவர் அவர். கடற்படை நிர்வாகத்தில் கெட்டிக்காரர்தான், ஆனால் பெருக்கல் வாய்ப்பாட்டையே 29 வயதில்தான் உட்கார்ந்து படித்தார். அவர் தலையாட்டியா நியூட்டன் சரியானார்? அனுமதி கொடுத்த சங்கம் காசு கொடுக்கவில்லை. மீன்களைப் பற்றி ஒரு ஆடம்பர நூலைப் போட்டுக் கையைச் சுட்டுக்கொண்டிருந்தது. அச்சுச் செலவு சங்கத்தின் எழுத்தராக இருந்த வானியலாளர் எட்மண்ட் ஹாலியின் தலையில் விழுந்தது. அவருக்குச் சம்பளத்துக்குப் பதிலாக விற்காத மீன் புத்தகங்களைக் கட்டிக் கொடுத்தார்கள்!

சரி, காப்பாற்றவாவது செய்யுமா? 1632இல், பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்ற கருத்துக்காக வாதாடிய கலிலியோவின் ‘உரையாடல்’ நூல் வந்தபோது ரோம், பிளாரன்ஸ் அதிகாரிகளின் அனுமதிகள் அதில் வரிசையாக அச்சாகியிருந்தன. முன்னுரையும் முடிவும் எப்படி இருக்க வேண்டும் என்றுகூட ரோம் தணிக்கையாளர் சொல்லியிருந்தார். அடுத்த வருடமே விசாரணை, தண்டனை, தடை. அந்த அனுமதியையும் தந்திரமாக வாங்கினாய் என்று தீர்ப்பிலேயே குற்றம் சாட்டினார்கள்.

நம் ஊரில் அந்த ஆபத்தும் இல்லாமல் ஆசைப்படுகிறோம். அறுபது வயது நண்பர் ஒருவரின் ஆறாவது நூலுக்கு ‘இளங்கவிஞரின் கன்னி முயற்சி’ என்று அணிந்துரை வந்தது. மனிதர் அதையும் அப்படியே அச்சடித்தார். உங்களுக்கும் அது வேண்டுமா?

கிணற்றடிக் கவிதை எனக்குப் பிடித்திருந்தது. ராட்டினம் கிறீச்சிடும் வரியில் கை வைக்காதீர்கள். அதே கவிதையில் ‘மௌனம்’ மூன்று தடவை வருகிறது, இரண்டை வெட்டுங்கள். மற்ற இரண்டும் வேண்டாம். முழுத் தொகுப்பையும் அனுப்புங்கள், பென்சிலோடு படித்துத் திருப்பி அனுப்புகிறேன். அணிந்துரை மட்டும் கிடையாது.