பீர் ஆலை முதலாளி ஒருவர் விளையாட்டு அணியை வாங்குவது விளம்பரத்துக்காகவா, ஆர்வத்தாலா?

பெங்களூரு ஐபிஎல் அணியே ஒரு விஸ்கியின் பெயரைத் தாங்கி வந்ததால், இந்தச் சந்தேகம் நமக்கு எழுவது இயல்பே. ஆனால் நியூயார்க் பீர் ஆலை அதிபர் ஜேக்கப் ரூப்பர்ட்டின் (1867–1939) கதையைப் படித்தவர்கள் விளம்பரம் என்று மட்டும் சொல்லிவிட மாட்டார்கள்.

ஜெர்மானிய வம்சாவளியினரான ரூப்பர்ட், தந்தையின் ஆலையில் பீப்பாய் கழுவும் வேலையிலிருந்து தொழில் கற்றவர். 1915இல் ஹஸ்டன் என்பவருடன் கூட்டுச் சேர்ந்து நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணியை வாங்கினார். அதுவரை ஒரு லீக் பட்டம்கூட வெல்லாத, சொந்த மைதானமும் இல்லாத அணி அது. அதற்குத் தம் நிக்கர்பாக்கர் பீரின் பெயரைச் சூட்ட அவர் விரும்பினார் என்றும், செய்தித் தலைப்பில் அடங்காத நீளம் என்று பத்திரிகையாளர்கள் மறுத்துவிட்டார்கள் என்றும் சொல்வார்கள். ஆகவே, தொடக்கத்தில் விளம்பர ஆசை இருந்திருக்கலாம்.

1920 ஜனவரி 5இல்தான் கதை திரும்புகிறது. 2.75 சதவீத ஆல்கஹால் கொண்ட பீரையாவது விற்க அனுமதிக்க வேண்டும் என்று அவருடைய நிறுவனம் தொடுத்த வழக்கை அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பாஸ்டன் அணியிடமிருந்து நட்சத்திர ஆட்டக்காரர் பேப் ரூத்தை வாங்கிய செய்தியும் அன்றே வெளியானது. அடுத்த சில நாட்களில் நாடு முழுவதும் மதுவிலக்கு வந்தது. அரை சதவீதத்துக்கும் குறைவான ஆல்கஹால் கொண்ட பானத்தை விற்று ஆலையைத் தாக்குப்பிடிக்க வைத்த அந்த 13 ஆண்டுகளில்தான், விளம்பரப்படுத்த உண்மையான பீரே இல்லாத நிலையில், அவர் அணிக்காகப் பெரும்பணத்தை இறைத்தார். 1920இல் ரூத்தைப் பார்க்க 12 லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டதில் எரிச்சலடைந்த இன்னொரு நியூயார்க் அணியான ஜயன்ட்ஸ், யாங்கீஸ் வாடகைக்கு ஆடிவந்த தன் மைதானத்தை விட்டு வெளியேறச் சொன்னது. ரூப்பர்ட்டோ ஆற்றுக்கு அப்பால், நகரின் பிராங்க்ஸ் பகுதியில், 1923இல் யாங்கீ ஸ்டேடியத்தையே எழுப்பிவிட்டார்.

விறுவிறுப்பான ஆட்டங்களை அவர் விரும்பியதில்லை என்பது வேடிக்கை. முதல் இன்னிங்ஸிலேயே 8 ரன் (பேஸ்பாலில் அது பெரிய எண்ணிக்கை) எடுத்துவிட்டு, பிறகு மெதுவாக முன்னிலையைக் கூட்டிக்கொண்டே போவதுதான் அவருக்குப் பிடித்த ஆட்டமாம்! ரசிகரின் பேச்சாக இது எனக்குத் தோன்றவில்லை; சரக்கு தேங்காமல் விற்றுத் தீர வேண்டும் என்று நினைக்கும் முதலாளியின் பேச்சு. அணியை அவர் இரண்டாவது தொழிலாகவே நடத்தினார் என்பது என் கருத்து. 1933இல் பீர் சட்டப்படி மீண்டும் விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டில்தான் ரூத்தின் சம்பளத்தை 75,000 டாலரிலிருந்து 52,000 டாலராகக் குறைத்தார்.