ஓசூரில் கணவன் மனைவி இருவரும் வேலை பார்க்கிறோம். ஊருக்குப் போனால் "இன்னும் விசேஷம் இல்லையா?" என்கிறார்கள். குழந்தை வேண்டுமா என்று எப்படி முடிவெடுப்பது?

ஊருக்குப் பதில் சொல்வதைத் தள்ளிவையுங்கள். பிரசவ விடுப்பு முடிந்து நீங்கள் வேலைக்குத் திரும்பும் நாளில் குழந்தை யாரிடம் இருக்கும் என்று இருவரும் உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தெளியும்.

முதல் இரண்டு பிள்ளைகளுக்குச் சட்டப்படி 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாளாவது வேலை செய்திருக்க வேண்டும். இதில் 8 வாரத்தை முன்கூட்டியே எடுத்தால், திரும்பும்போது பிள்ளைக்கு நாலு மாதம்தான் ஆகியிருக்கும். தாய்ப்பால் மட்டும் கொடுக்க வேண்டியதோ ஆறு மாதம். 50 பேர் வேலை செய்யும் கம்பெனி என்றால் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். அது எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்று ஹெச்.ஆரிடம் இப்போதே கேளுங்கள். பகலில் மட்டும் என்றால் நைட் ஷிப்டுக்கு உதவாது.

"பெத்துக் குடு, நாங்க பாத்துக்கிறோம்" என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். நல்ல மனதோடுதான் சொல்வார்கள். ஆனால் பாலக்கோட்டிலோ அரூரிலோ மாட்டையும் கொல்லை வேலையையும் விட்டு ஓசூர் வாடகை வீட்டில் எத்தனை மாதம் தங்க முடியும்? அதைக் கேட்டு, மீதி நாட்களுக்கு உங்கள் கணவர் எந்த ஷிப்ட் மாற்றிக்கொள்வார் என்றும் எழுதுங்கள். குழந்தையை யார் பார்ப்பது என்ற இடம் காலியாகவே இருந்தால் இப்போதைக்குத் தள்ளிப்போடுவதுதான் சரி.

அதுவரை தற்செயலாக விடாதீர்கள். கருத்தடைக்குப் போட்ட காப்பர்-டியைக் கழற்றியவுடனே கருத்தரிக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா கருத்தடை ஊசியை நிறுத்தினால், கருத்தரிக்க 7 முதல் 10 மாதம்கூட ஆகும். இது தெரியாமல் பலர் பயந்துபோகிறார்கள். 35 வயதுக்கு மேல் என்றால், முயன்று ஆறு மாதத்தில் தங்காவிட்டால் இருவரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

நம் பக்கம் அக்கா மகளைக் கட்டுவது சகஜம். குடும்பத்தில் பிறவிக் காது கேளாமையோ காரணம் தெரியாத சிசு மரணமோ இருந்தால், கருத்தரிக்கும் முன்பே மரபணு ஆலோசனை பெறுங்கள்.

வேண்டும் என்று முடிவானால், ஒரு மாதம் முன்பே தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் தொடங்குங்கள். சிசுவின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய், கருவாகி நாலு வாரத்துக்குள் மூடிவிடும். நாள் தள்ளிப்போனது தெரிந்தபின் ஆரம்பித்தால் பலன் குறைவு.

வேண்டாம் என்றால் அதுவும் முழுமையான முடிவுதான். அதைக் கணவர் வீட்டில் அவரே வாய்திறந்து சொல்லட்டும். இல்லாவிட்டால் பழி உங்கள் தலையில்தான் விழும்.